கொட்டுக்காளி: ஒரே படத்துக்கு ஏன் ரெண்டு கட்சி? திரையிடும் முன் சில சந்தேகங்கள்

தெருமுனை எழுதியது:

வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் கொட்டுக்காளி (2024) போட்டுப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. 25 பேர், ஏசி அறை, ஒரு புரொஜெக்டர், ரெண்டு ஸ்பீக்கர். மீனா என்ற பெண்ணைப் பாண்டியும் குடும்பத்தாரும் ஷேர் ஆட்டோவில் குறி சொல்பவரிடம் கூட்டிப்போகும் பயணம்தான் படம். இன்னும் படம் போடவே இல்லை, அதற்குள் ஏற்கெனவே பார்த்தவர்கள் ரெண்டு கட்சியாகிவிட்டார்கள்.

ஒரு கட்சி, தமிழில் இப்படி ஒரு படம் வந்ததே பெரிது என்கிறது. இன்னொரு கட்சி சொல்வது: "ஆட்டோ போகுது, நிக்குது, போகுது, நிக்குது. மியூசிக் கிடையாது. கதாநாயகி வாயே திறக்கல. பாண்டி திடீர்னு எல்லாரையும் போட்டு அடிக்கிறான். கடைசியில முடிவையும் சொல்லாம விட்டுட்டாங்க." இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. இதே இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் முந்தைய படமான கூழாங்கல்லைக் கொண்டாடியவர்களும் அதில் இருக்கிறார்கள்.

என் சந்தேகங்கள் மூன்று. பின்னணி இசை இல்லாதது இந்தப் படத்தில் உண்மையிலேயே ஒரு வேலை செய்கிறதா, அல்லது வித்தியாசம் காட்டத்தானா? நீளமான ஷாட்டை "நல்ல நீளம்", "வெறும் இழுவை" என்று எதை வைத்துப் பிரிப்பது? எங்கள் அறையில் போடும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? "ரசனை ஆளுக்கு ஆள் மாறும்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

ஒலிக்கோடு எழுதியது:

(படத்தின் முக்கியமான காட்சிகளைப் பற்றிப் பேசுகிறேன். பார்க்காதவர்கள் தாண்டிவிடவும்.)

முதல் சந்தேகமும் மூன்றாவதும் ஒன்றுதான். பிரிந்து நிற்கும் ரெண்டு கட்சியும் ஒரே படத்தைக் கேட்டார்களா என்பதே எனக்குச் சந்தேகம். "பார்த்தார்களா" என்று கேட்கவில்லை, "கேட்டார்களா" என்றுதான் கேட்கிறேன்.

கூழாங்கல்லுக்கு யுவன் சங்கர் ராஜா இசை உண்டு. கொட்டுக்காளியில் இசையமைப்பாளரே கிடையாது. ஆனால் சுரேன் ஜி., அழகியகூத்தன் என்று ஒலி வடிவமைப்புக்கு ரெண்டு பேர். இசையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தைச் சும்மா விடவில்லை. ஷேர் ஆட்டோவின் இன்ஜின், பின்னால் வரும் பைக்குகள், சேவல், காற்று, தூரத்துப் பேச்சு எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தை நிரப்புகின்றன. இவை மெல்லிய ஒலிகள், மெல்லிய ஒலிதான் தியேட்டரில் முதலில் சாகும்.

கணக்கு இதுதான். தியேட்டர் சவுண்ட் பிராசஸரில் ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) 7 என்பது தர அளவு. அதில் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு சேனலும் சோதனை இரைச்சலில் 85 டெசிபல் காட்டும்படி அளந்து வைத்திருப்பார்கள். படத்தின் ஒலிகளைச் சேர்த்து மிக்ஸ் செய்பவர் அதே 7-ல் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார். ஆனால் விளம்பரமும் டிரெய்லரும் காதைப் பிளக்கும், ஆட்கள் புகார் சொல்வார்கள், ஆபரேட்டர் 5-க்கோ 4.5-க்கோ இறக்குவார், அப்புறம் அதை ஏற்ற யாருக்கும் நினைவு வராது. 4-க்கு மேல் ஃபேடரில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 3.3 டெசிபல். 7-லிருந்து 5-க்கு வந்தால் 6.7 டெசிபல் போச்சு, 4.5 என்றால் 8.3. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு.

சண்டைப் படத்துக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. சத்தம் சுவர் மாதிரி நிற்கும், எட்டு டெசிபல் போனாலும் சுவர் சுவர்தான். கொட்டுக்காளி மாதிரிப் படத்தில் அடித்தளமே மூழ்கிவிடும். அரங்கின் ஏசி இரைச்சல் 45 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸில் 50-ல் கேட்க வேண்டிய ஒரு வெளிச்சூழல் ஒலி, ஃபேடர் 5-ல் 43-க்கு வந்துவிடும். ஏசிக்குக் கீழே போனது போனதுதான். அந்த அரங்கில் இருந்தவர் "ஒண்ணுமே நடக்கல" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

உங்கள் நண்பர்கள் "திடீர்னு அடிக்கிறான்" என்று சொன்ன காட்சிக்கு வருகிறேன். வழியில் ஒரு சடங்கு வீட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஒலிக்கிறது. மீனா அதைத் தனக்குள் முணுமுணுக்கிறாள். பாண்டி அதைக் கவனிக்கிறான். அதற்குப் பிறகுதான் அடி, தடுக்க வந்த பெண்களுக்கும் சேர்த்து. இந்தக் காட்சியின் காரணம் முழுக்க ஒலியில்தான் இருக்கிறது. படம் தொடங்கியதிலிருந்து இசையைக் காதுக்குக் காட்டாமல் வைத்திருந்து, முதல் முறையாக ஒரு பாட்டு எட்டும்போது நமக்கே ஒரு இளைப்பாறல் வருகிறது. அதே இளைப்பாறல்தான் மீனாவுக்கும். அதைத்தான் பாண்டியால் பொறுக்க முடியவில்லை. பின்னணி இசை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பாட்டு பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இந்த ஒரு காட்சிதான்.

பாட்டு சரியாகக் கேட்காத அரங்கில், அல்லது போனில் பஸ்ஸில் பார்த்தவருக்கு, முணுமுணுப்பு தெரியாது. காரணம் கழன்றுவிட்டால் மிஞ்சுவது காரணமில்லாத வெறி. அவர் படத்தைக் குறை சொல்வது நியாயம்தான், ஆனால் அவர் பார்த்தது வேறு படம்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

ஒலிக்கோடு அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா எல்லாத்தையும் ஸ்பீக்கர் தலையில கட்டிட்டா படம் தப்பிச்சுடுது. நல்ல ஹெட்போன்ல, இருட்டு அறையில பார்த்தாலும் நிக்கிற குறைகள் மூணு இருக்கு.

ஒண்ணு, மீனாவோட மௌனம். தலைப்பே அவதான். மதுரைப் பக்கம் பிடிவாதக்காரிக்குச் சொல்ற பேர். சரி, பேச மாட்டேங்கிறது அவ எதிர்ப்பு, அது புரியுது. ஆனா ஒரு பாத்திரம் பேசாம இருக்கறப்போ அவளோட முடிவுகளையாவது நாம பார்க்கணும். இங்க அவளைக் கூட்டிட்டுப் போறாங்க, உக்கார வைக்கிறாங்க, அடிக்கிறாங்க. ஆட்டோவை எங்க நிறுத்தறதுங்கறதுல இருந்து எல்லாம் மத்தவங்க முடிவு. மீனாவா நடிச்ச அன்னா பென் கண்ணுலயே நிறையச் செஞ்சிருக்காங்க, அதுல மறுப்பில்லை. ஆனா நடிகை செஞ்சது வேற, திரைக்கதை குடுத்தது வேற.

ரெண்டு, முடிவு. குறி சொல்றவர் இடத்துல இன்னொரு பொண்ணுக்கு நடக்கறதைப் பாண்டி பார்க்கிறான், அவன் முகம் மாறுது, அவன் என்ன செய்வான்னு சொல்லாம படம் முடியுது. திறந்த முடிவுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா கேள்வி யார் கையில குடுக்கப்படுது பாருங்க. பாண்டி கையில. கொட்டுக்காளி மீனா, கடைசிக் கேள்வி பாண்டிக்கு. "ஆண்கள் பார்க்கட்டும்னுதான் அப்படி"ன்னு ஒரு பதில் வரும்னு தெரியும். வந்தா அதையும் பேசலாம்.

மூணாவது, படத்துக்கு வெளியில இருக்கற விஷயம். இதுல பாண்டியா வர்ற சூரி நடிச்ச கருடன் 2024 மே 31-ல வந்துச்சு. இது ஆகஸ்ட் 23. சரியா 12 வாரம். கருடனுக்குக் கைதட்டின அதே கூட்டம், அதே சூரி, கீழ சிவகார்த்திகேயன் புரொடக்‌ஷன்ஸ்னு பேர். அவங்க எதை எதிர்பார்த்து உள்ள வருவாங்க? தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாதுன்னு திரையுலகுக்குள்ளயே அப்போ பேச்சு வந்தது. எனக்கு அதுல உடன்பாடு இல்லை, தியேட்டர்லதான் வரணும். ஆனா அன்னைக்கு உள்ள வந்த ஆள் ஏமாந்ததா உணர்ந்தா அவர்கிட்ட "உனக்கு சினிமா தெரியல"ன்னு சொல்றது வேற மாதிரி ஆணவம்.

வெட்டுஒட்டு எழுதியது:

ரெண்டாவது சந்தேகத்தை யாரும் தொடவில்லை. ஷாட் நீளம் பற்றிக் கை வைத்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், ரசனைப் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம்.

ஒரு பத்து நிமிடப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோடு போடுங்கள். 600-ஐ (கோடுகள் + 1) ஆல் வகுத்தால் அந்தப் பகுதியின் சராசரி ஷாட் நீளம் விநாடிகளில் வரும். இன்றைய வணிகப் படங்களில் இது சாதாரணமாக மூன்றிலிருந்து ஆறு விநாடிக்குள் நிற்கும். கொட்டுக்காளியில் எந்தப் பத்து நிமிடத்தை எடுத்தாலும் அதைவிடப் பல மடங்கு வரும். இது முதல் படி, இது மட்டும் போதாது. நீளம் அளவு மட்டும்தான், தரம் இல்லை.

அடுத்த படிதான் முக்கியம். அதே பகுதியில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: ஷாட் தொடங்கும்போது எனக்குத் தெரியாத எது, முடியும்போது தெரிந்தது? பதில் வந்தால் அது நீளமான ஷாட். அரை நிமிடத்துக்கு மேல் ஓடி, பதில் "ஒன்றுமில்லை" என்று வந்தால், ரெண்டு வாய்ப்பு: ஒன்று இழுவை, அல்லது உங்களைக் காத்திருக்க வைப்பதே அதன் வேலை. ரெண்டாவதா என்று பார்க்க அடுத்த ஷாட்டைப் பாருங்கள். அந்தக் காத்திருப்பின் கடன் அங்கே அடைபடுகிறதா என்று தெரிந்துவிடும்.

காளை வழிமறிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணை அடக்கி ஒடுக்கிக் கூட்டிப்போகும் ஆண் கூட்டம், ஒரு மாட்டின் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். இதை எட்டு ஷாட்டாக வெட்டலாம்: காளை முகம், பாண்டி முகம், தயங்கும் கால், பிள்ளை வருகை. வெட்டினால் நகைச்சுவைத் துணுக்கு ஆகிவிடும், எங்கே சிரிக்க வேண்டும் என்று கத்தரியே சொல்லிக்கொடுத்துவிடும். விலகி நின்று காட்டும்போது ஆண்கள் நிற்கும் நேரம் நம் தலையில் விழுகிறது, அந்த நேரம்தான் கேலி. இசை இருந்தால் அது கண்ணடித்துவிடும். சில அரங்குகளில் இந்த இடத்தில் சிரிப்பு வந்தது, சிலவற்றில் மயான அமைதி. ரெண்டுமே படத்துக்கு ஒத்து வரும்.

ஆனால் கடைசி_பெஞ்ச் தொட்ட ஒன்றை வேறு வழியில் ஒப்புக்கொள்கிறேன். இது பயணப் படம். நிறுத்தங்கள்தான் அதன் அத்தியாயங்கள். நாலாவது நிறுத்தம் வரும்போது பார்வையாளருக்கு அமைப்பு பிடிபட்டுவிடுகிறது: நிற்கும், ஏதோ ஒன்று பாண்டியின் அதிகாரத்தைச் சுரண்டும், கிளம்பும். அமைப்பு பிடிபட்ட பிறகு நீளமான ஷாட் சுமையாகத்தான் தெரியும். பி.சக்திவேலின் ஒளிப்பதிவோ கணேஷ் சிவாவின் படத்தொகுப்போ தளர்ந்ததால் இல்லை, கதையின் வரைபடம் முன்னாடியே தெரிந்துவிடுவதால்.

மீனாவின் மௌனத்தில் நான் எதிர்க்கட்சி. ஷாட் அட்டவணை போட்டுப் பாருங்கள். ஆண்களின் ஷாட்டுகளில் தகவல் வாயிலிருந்து வரும், மீனாவின் ஷாட்டுகளில் பார்வை எங்கே போகிறது என்பதிலிருந்து வரும். காலில் கயிறு கட்டிய சேவலுக்கும் அவளுக்கும் இடையில் இருக்கும் கணக்கை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. அவளுக்கு முடிவெடுக்க இடமில்லை என்பது திரைக்கதைக் குறை இல்லை, அதுதான் நிலைமை. அவளுக்கு ஒரு கைதட்டல் காட்சி வைத்திருந்தால் பொய்யாகியிருக்கும்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

கைதட்டல் காட்சி நான் கேக்கல. கேமரா அவ பக்கம் கொஞ்ச நேரம் கூட நின்னிருக்கலாம்னுதான் சொன்னேன். சேவலோட ஒப்பிட்டது அழகுதான், ஆனா சேவல் உருவகம், மீனா மனுஷி. உருவகத்துக்கு மனசு வேண்டியதில்லை.

பாண்டிக்குத் தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிக்கிட்டு, குரல் கரகரன்னு வரும்ல. ஊரையே அதட்டுறவனுக்குக் குரல் இல்லை, வாய் திறக்காதவகிட்டதான் பலம். அந்த யோசனை பிரமாதம். அவ்வளவு நுணுக்கம் அவனுக்குக் கிடைச்சிருக்கு, அவளுக்கு அதுல பாதி கிடைச்சிருந்தா நான் இந்தக் கட்சியிலயே இருக்க மாட்டேன்.

வெட்டுஒட்டு எழுதியது:

"உருவகத்துக்கு மனசு வேண்டியதில்லை" என்பதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஷாட் அட்டவணையை மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன்.

மணற்கேணி எழுதியது:

தெருமுனைக்கு இன்னொரு கோணம். விவாதம் நடத்துவதில்தான் பாதிக் காரியம் கெடும்.

மதிப்பெண்ணை நம்பாதீர்கள். இந்த வகைப் படத்துக்குச் சராசரி என்பது வெறும் ஏமாற்று. 24 பேரில் 12 பேர் 9-ம் 12 பேர் 3-ம் போட்டால் சராசரி 6. எல்லாருமே 6 போட்டாலும் சராசரி 6. முதலாவது சண்டை பிடிக்க வைக்கும் படம், ரெண்டாவது வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துபோகும் படம். இணையத்தில் மதிப்பெண் பார்ப்பதாக இருந்தால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, எத்தனை பேர் 10, எத்தனை பேர் 1 என்று பிரித்துக் காட்டும் பட்டை வரைபடத்தைப் பாருங்கள். நடுவில் மேடாக இருந்தால் சுமாரான படம். ரெண்டு முனையிலும் மேடாக இருந்தால் அங்கே பேச விஷயம் இருக்கிறது.

உங்கள் அறையில் செய்ய வேண்டியது: விளக்கைப் போட்டதும் யாரையும் பேச விடாதீர்கள். முதலில் பேசுகிறவர் குரல் பெரிதாக இருந்தால் மீதி 24 பேரின் கருத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, ஐந்து நிமிடம், ரெண்டே கேள்வி. "அடிக்கிற காட்சிக்கு முன்னால் கடைசியாக என்ன கேட்டீர்கள்?" "கடைசிக் காட்சியில் பாண்டி எதைப் பார்த்தான்?" ரெண்டும் கருத்துக் கேள்வி இல்லை, தகவல் கேள்வி. சீட்டுகளைச் சத்தமாகப் படியுங்கள். முதல் கேள்விக்கு "பாட்டு" என்று எழுதாதவர்கள் கணிசமாக இருந்தால் ஒலிக்கோடு சொன்னது உங்கள் அறையிலேயே நிரூபணம். அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுவிட்டு விவாதத்தைத் தொடங்குங்கள். எல்லாரும் சரியாக எழுதியும் கட்சி பிரிந்தால், கடைசி_பெஞ்ச் எழுப்பிய கேள்விகளே உண்மையான கேள்விகள்.

"இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷன்" என்று யாராவது கிளம்பினால், 1954-ல் எஸ்.பாலசந்தர் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' படத்தை எடுத்தார் என்பதை ஞாபகப்படுத்துங்கள். பாட்டு இல்லாமல் தமிழ்ப் படம் என்பதே அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. 1988-ல் பாலு மகேந்திராவின் வீடு படத்திலும் பாட்டு கிடையாது. ஆனால் அதில் இளையராஜாவின் இசை உண்டு. பாட்டை எடுப்பது ஒரு படி, பின்னணி இசையையும் எடுப்பது அடுத்த படி. இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் விவாதம் "பாட்டு வேணுமா வேண்டாமா" என்று தடம் மாறிப் போகும், அது வேறு சண்டை. வெளியூர் உதாரணம் வேண்டுமென்றால் 1960 கான் விழா: இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் லவெந்துரா படத் திரையிடலில் கூச்சல் போட்டார்கள், அதே விழாவில் நடுவர் பரிசும் கொடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே வாரம்.

தெருமுனை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. துண்டுச் சீட்டு உறுதி. இடைவேளை விடலாமா? படம் ஏறக்குறைய 100 நிமிடம்தான். ரெண்டு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்றும் சொல்லுங்கள். ஓடிடி கணக்கிலிருந்தே போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

ஒலிக்கோடு எழுதியது:

ஓடிடி விஷயம் முதலில். தனிப்பட்ட சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். வட்டம், சங்கம் என்று அழைப்பு வைத்துக் கூட்டிப் போட்டால் அது பொதுத் திரையிடல், உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் வசூலிக்கவில்லை என்பது தானாக விலக்கு தந்துவிடாது. இலக்கிய வட்டத் திரையிடல் என்று விளக்கி எழுதுங்கள், தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே. நல்ல கோப்பும் அவர்களிடமிருந்தே கிடைக்க வாய்ப்பு உண்டு.

இடைவேளை வேண்டாம். நம் ஊரில் இடைவேளைக்கென்று ஒரு திருப்பம் வைத்துத்தான் எழுதுவார்கள், அங்கே நிறுத்தினால் படத்துக்கு லாபம். அப்படி எழுதாத படத்தை 50-வது நிமிடத்தில் நறுக்கினால் அதுவரை சேர்த்த அழுத்தம் பாப்கார்ன் வரிசையில் கரைந்துபோகும். "ரெண்டாம் பாதி இழுவை" என்ற புகாரில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது. படம் தொடங்க பத்து நிமிடம் முன்னால் எல்லாரையும் கழிவறைக்குப் போய்வரச் சொல்லிவிடுங்கள்.

ரெண்டு ஸ்பீக்கரும் தாராளமாகப் போதும், ஆனால் வைக்கும் இடம் முக்கியம். திரையின் ரெண்டு ஓரத்திலும், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில், முகம் உள்பக்கம் கொஞ்சம் திரும்பியபடி. தரையில் வைத்தால் முன்வரிசைக்காரரின் உடம்பே தடுப்பு. மூலையில் ஒட்டி வைத்தால் தாழ் ஒலி வீங்கும், ஆட்டோ இன்ஜின் உறுமலில் பேச்சு அமுங்கிவிடும். சுவரிலிருந்து ரெண்டடியாவது தள்ளி வையுங்கள்.

கோப்பு 5.1 (ஆறு சேனல்) ஒலியில் இருந்தால் பிளேயர் அமைப்பில் ஒலி வெளியீட்டை "ஸ்டீரியோ" என்று மாற்றுங்கள். மாற்றாமல் ஆறு சேனலையும் ரெண்டு ஸ்பீக்கருக்குத் தள்ளினால், சில கருவிகளில் நடுச் சேனல் காணாமல் போகும். பேச்சு முழுக்க அங்கேதான் இருக்கும். ஆட்டோ ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டு, பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் காரணம் இதுதான். "நைட் மோட்", "டயலாக் பூஸ்ட்" ரெண்டையும் அணையுங்கள். முதலாவது மெல்லியதை ஏற்றி உரத்ததை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும். இரண்டாவது பேச்சை முன்னால் தள்ளிச் சூழலைப் பின்னால் அமுக்கும். இந்தப் படத்துக்கு ரெண்டுமே விஷம். புரொஜெக்டரிலோ டிவியிலோ "மோஷன் ஸ்மூத்திங்" மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் நகரும் ஆட்டோவிலிருந்து எடுத்த ஷாட் சீரியல் மாதிரி வழுக்கும்.

அளவு வைக்க: பிங்க் நாய்ஸ் (ஸ்பீக்கரைச் சோதிக்கும் சீரான இரைச்சல்) கோப்பு ஒன்று, மைனஸ் 20 டெசிபல் மட்டத்தில் பதிவானது. போனில் ஒரு ஒலி அளவு செயலி, அமைப்பு 'சி' வெயிட்டிங், 'ஸ்லோ'. நடு வரிசையில், தலை உயரத்தில் போனைப் பிடித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாக ஓடவிட்டு 75-லிருந்து 78-க்குள் கொண்டுவாருங்கள். தியேட்டர் அளவான 85 சின்ன அறைக்கு அதிகம். போன் செயலி ரெண்டு மூன்று டெசிபல் தப்பாகக் காட்டலாம், ரெண்டு ஸ்பீக்கரும் சமமாக இருப்பதற்கு அது போதும். அளவு வைத்த இடத்தில் வால்யூமுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். படம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பார். தொடாதீர்கள்.

பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஏசி மட்டும் ஓடும்போது 'ஏ' வெயிட்டிங்கில் அளந்து பாருங்கள். 35-க்குக் கீழே இருந்தால் அதிர்ஷ்டம். 45-ஐத் தாண்டினால் நான் முதலில் போட்ட கணக்கு உங்கள் அறைக்கும் பொருந்தும். புரொஜெக்டர் விசிறியும் இதில் சேரும். அதை 'ஈகோ' நிலையில் வைத்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், இரைச்சலும் குறையும். பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் நடக்கும் படம் என்பதால் அறை நன்றாக இருட்டாக இருந்தால் இந்தப் பேரம் கட்டுப்படியாகும்.

தெருமுனை எழுதியது:

இப்போதுதான் அளந்தேன். ஏசி முழு வேகத்தில் 49. மொத்தமாக அணைத்தால் 25 பேர் வெந்துவிடுவார்கள்.

ஒலிக்கோடு எழுதியது:

முழுக்க அணைக்க வேண்டாம் தம்பி. ஒரு மணி நேரம் முன்னால் 20-ல் போட்டு அறையையும் சுவரையும் நன்றாகக் குளிர வையுங்கள். ஆட்கள் உட்கார்ந்ததும் வெப்பநிலையை 25-க்கு ஏற்றி, விசிறி வேகத்தை ஆகக் குறைந்த அளவில் வைத்துவிடுங்கள். இரைச்சலில் பெரும்பங்கு விசிறியிலிருந்து வருவது. குறைத்த பிறகு மறுபடி அளந்து இங்கே போடுங்கள். 40-க்குக் கீழே வரவில்லையென்றால் ஏசிக்கு நேர் கீழே உள்ள வரிசையைக் காலியாக விடுங்கள்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

அந்த வரிசையை நானே எடுத்துக்கறேன்னு சொல்லுவேன், ஆனா அப்புறம் நான் சொல்ற குறையையெல்லாம் ஏசி கணக்குல எழுதிடுவீங்க. நடு வரிசையில ஒரு சீட்டு போடுங்க.